துண்டுக்கு அடியில் யார் கை? பழைய கம்ப்யூட்டரும் ‘செக்யூர் சேனல்’ பிழையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு பிழைச் செய்தியோட வரலாறைப் பேசப் போறோம். ‘குட் நாட் கிரியேட் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் செக்யூர் சேனல்.’ பாதுகாப்பான இணைப்பை உருவாக்க முடியலைன்னு அர்த்தம். பழைய விண்டோஸ்ல, பழைய டாட்நெட்ல வேலை பார்த்தவங்களுக்கு இதைக் கேட்டதும் வயித்தைக் கலக்கும்.

எனக்கு இது 2023 ஆகஸ்ட்ல ஒரு சாயங்காலம் ஃபோன்ல வந்துச்சு. சித்தப்பா கூப்பிட்டாரு. வெள்ளகோவில்ல தேங்காய் எண்ணெய் மில் வச்சிருக்காரு. அந்த ஆகஸ்ட் 1ஆம் தேதியில இருந்துதான் வருஷம் 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் உள்ளவங்க எல்லாரும் இ-இன்வாய்ஸ் போடணும்னு ஜிஎஸ்டியில வந்திருந்தது. 2020 அக்டோபர்ல 500 கோடியில ஆரம்பிச்ச விதி, 100, 50, 20, 10னு படிப்படியா இறங்கி நம்ம ஊரு மில்லு வாசலுக்கு வந்து நின்னுச்சு.

“கண்ணு, லோடு ஏத்தி லாரி நிக்குது. பில்லு போட்டா ஏதோ சேனல் வரலைங்குது. டிவி சேனலா அது?”

“இல்லீங் சித்தப்பா. நேத்து போச்சுங்களா?”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் ஜம்முனு போச்சு. நான் ஒண்ணையும் தொடலை. காசு குடுத்து வாங்குன சாஃப்ட்வேர், தொடாம எப்படி கண்ணு கெட்டுப் போகும்?”

அந்தக் கேள்விக்கு ஃபோன்ல எங்கிட்ட பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரி அவரு கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டேன். ஆனா ‘தொடாம எப்படிக் கெட்டுப் போகும்’ங்கிறது மட்டும் மனசுல நின்னுபோச்சு. இந்த எபிசோட் அதுக்கான பதில்.

துண்டுக்கு அடியில நடக்குற பேரம்

டெக்னிக்கலா போறதுக்கு முன்னாடி ஒரு மாட்டுச் சந்தைக்குப் போயிட்டு வந்துடலாம். எங்க ஊருப் பக்கத்துல கண்ணபுரம். மாரியம்மன் கோவில் தேரை ஒட்டி அங்க காங்கேயம் மாட்டுச் சந்தை கூடும். அங்க பேரம் வாயால நடக்காது. ரெண்டு பேர் கையை நீட்டுவாங்க, மேல ஒரு துண்டைப் போட்டு மூடுவாங்க, விரலைப் பிடிச்சே விலை பேசுவாங்க. சுத்தி நூறு பேர் நின்னாலும் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது.

இதுல மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, துண்டு. வெளிய இருக்கறவன் பார்க்கக்கூடாது. ரெண்டு, விரல் பாஷை. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு தெரிஞ்சிருக்கணும். மூணு, துண்டுக்கு அடியில இருக்கறது யாரு கைன்னு உறுதியாத் தெரியணும். முன்னப்பின்ன தெரியாத ஆளா இருந்தா, நடுவுல ஒரு தரகர் நின்னு ‘இவரு நம்ம ஆளுதான்’னு சொல்லணும்.

பிரவுசர்ல பூட்டுப் படம் போட்டு வர்ற இணைப்புலயும் இதே மூணுதான். துண்டுதான் என்கிரிப்ஷன். விரல் பாஷைங்கிறது எஸ்எஸ்எல், டிஎல்எஸ்ங்கிற நெறிமுறையோட வெர்ஷன். தரகர்தான் சான்றிதழ் வழங்கும் அமைப்பு, அதாவது சர்டிஃபிகேட் அத்தாரிட்டி. எந்தெந்தத் தரகரை நம்பலாம்னு ஒரு பட்டியல் உங்க கம்ப்யூட்டருக்குள்ள ஏற்கெனவே இருக்கு. அதைத்தான் ரூட் ஸ்டோர்ங்கிறோம்.

நமக்கு வர்ற ‘செக்யூர் கனெக்ஷன்’ பிழையில முக்கால்வாசி இந்த மூணுல ஒண்ணு. துண்டு மெலிசா இருக்கு, இல்லை பாஷை பழசு, இல்லைன்னா தரகர் பட்டியல் பழசு. மூணுக்கும் வரலாறு இருக்கு. மூணுலயும் நம்ம நாட்டுக் கதையும் இருக்கு.

துண்டு: 40 பிட்டா, 128 பிட்டா?

1995 பிப்ரவரியில நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்எஸ்எல் 2.0ஐ வெளியிட்டது. 1.0 வெளியவே வரலை. அதே வருஷம் ஆகஸ்ட் 15ல நம்ம நாட்டுல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பிச்சது.

அப்ப அமெரிக்காவுல வலுவான என்கிரிப்ஷனை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு இருந்தது. அதனால நமக்கு வந்த பிரவுசர்கள்ல சாவி நீளம் 40 பிட்தான். கணக்குப் போட்டா சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கப் பெருசாத் தெரியும். ஆனா 1995 ஆகஸ்ட்லயே பிரான்ஸ்ல இன்ரியா ஆய்வு நிறுவனத்துல இருந்த ஒருத்தர், கையில இருந்த கம்ப்யூட்டர்களை வச்சு அப்படி ஒரு சாவியை 8 நாள்ல உடைச்சுக் காட்டிட்டாரு. துண்டு அவ்வளவு மெலிசு.

இந்தியாவுல இன்னொரு வேடிக்கை. இன்டர்நெட் சேவை நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை கொடுத்த லைசென்ஸ்ல, முன் அனுமதி இல்லாம 40 பிட் வரைக்கும்தான் என்கிரிப்ஷன் பயன்படுத்தலாம்னு ஒரு நிபந்தனை. 2001 ஜூன்ல ரிசர்வ் வங்கி இன்டர்நெட் பேங்கிங்குக்கு வழிகாட்டுதல் போட்டது. அதுல பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல குறைஞ்சது 128 பிட் எஸ்எஸ்எல் வேணும்னு சொல்லிட்டாங்க. ஒரு துறை 40க்கு மேல போகாதேங்குது, இன்னொண்ணு 128க்குக் கீழ இறங்காதேங்குது. நடைமுறையில ஜெயிச்சது 128தான். பணம் போற வழியில யாரும் மெலிசுத் துண்டைப் போட மாட்டாங்க.

இதுல நமக்கு வேண்டியது ஒரே பாடம். ‘பாதுகாப்பு’ங்கிறது நிலையான பொருள் இல்லை. ஒரு காலத்துல சட்டமே போதும்னு சொன்ன அளவு, சில வருஷத்துல செல்லாமப் போயிடும்.

பாஷை: வெர்ஷன்களுக்கும் வயசு இருக்கு

அடுத்து விரல் பாஷை. எஸ்எஸ்எல் 3.0 வந்தது 1996ல. பேரை மாத்தி டிஎல்எஸ் 1.0 ஆனது 1999 ஜனவரியில. 1.1 வந்தது 2006ல. 1.2 வந்தது 2008 ஆகஸ்ட்ல. அதுக்கப்புறம் சரியா 10 வருஷம் கழிச்சு 2018 ஆகஸ்ட்ல 1.3.

ஆனா தரம்னு ஒண்ணு எழுதி வெளியிடறதும், அது நம்ம புரோகிராமுக்குள்ள வந்து சேர்றதும் வேற வேற தேதி. இதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்லை.

லினக்ஸ் சர்வர்கள்ல எல்லாரும் நம்பியிருக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்துக்கு டிஎல்எஸ் 1.2 வந்தது 2012 மார்ச்ல, 1.0.1 வெர்ஷன்ல. ஜாவா 7க்கு 2011லயே 1.2 தெரியும், ஆனா கிளையன்ட் பக்கம் அதை ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. தானா ஆன் ஆனது 2014 மார்ச்ல ஜாவா 8ல. டாட்நெட் 4.5க்கும் அதே கதை. 1.2 தெரியும், ஆனா கேட்டாத்தான் பேசும். 4.6ல இருந்துதான் தானா பேசும். ஆண்ட்ராய்டு 4.1ல இருந்து தெரியும், 5.0ல இருந்துதான் தானா வரும். விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரியவே தெரியாது.

‘தெரியும், ஆனா பேசாது.’ பழைய கம்ப்யூட்டர்ல சிக்கல் தேடறவங்க மொதல்ல மனசுல வைக்க வேண்டியது இதுதான். சித்தப்பா மில்லுல இருந்தது விண்டோஸ் 7. அதுல ஓடுனது டாட்நெட் 4ல எழுதின பில்லிங் புரோகிராம். அதுக்கு எஸ்எஸ்எல் 3.0, டிஎல்எஸ் 1.0 மட்டும்தான் வாய்ல வரும். எதிர்ப் பக்கம் நடுவுல இருந்த ஒரு சேவை சர்வர், அன்னைக்கு ராத்திரி 1.2க்குக் கீழ பேசறதை நிறுத்திடுச்சு. காலையில இவரு துண்டுக்கு அடியில கையை விட்டு அஞ்சு விரலைப் பிடிக்கறாரு. அந்தப் பக்கம் இருக்கறவன் கையை உதறிட்டுப் போயிட்டான். ஏன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சர்வர் மேலயும் தப்பு இல்லை. 2021 மார்ச்லயே டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் இனி பயன்படுத்தாதீங்கன்னு இன்டர்நெட் தரங்களை வகுக்கற அமைப்பு அறிவிச்சிடுச்சு. கார்டு பணம் வாங்கற நிறுவனங்களுக்கு 2018 ஜூன் 30தான் கடைசித் தேதின்னு அதுக்கு முன்னாடியே கெடு வச்சிருந்தாங்க.

தரகர்: 2014 ஜூலை, டெல்லி

இப்ப மூணாவது. இது ரொம்ப முக்கியம், ஏன்னா இதுல நடந்த பெரிய கோளாறுகள்ல ஒண்ணு நம்ம நாட்டுலதான் நடந்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17ல அமலுக்கு வந்தது. டிஜிட்டல் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு கொடுத்தது அதுதான். அதுக்குக் கீழ சிசிஏன்னு ஒரு பதவி. சான்றிதழ் வழங்கற எல்லா அமைப்புகளையும் மேற்பார்வை பார்க்கறவர், தரகர்களுக்கெல்லாம் தலைமைத் தரகர் மாதிரி. அவருக்குக் கீழ லைசென்ஸ் வாங்கின அமைப்புகள்ல ஒண்ணு நிக், அதாவது தேசியத் தகவலியல் மையம். அரசு வெப்சைட்டுகள்ல பெரும்பாலானதை நடத்தறவங்க.

இந்திய சிசிஏவோட ரூட் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன்னோட ரூட் ஸ்டோர்ல சேர்த்திருந்தது. அப்படின்னா, உலகத்துல இருக்கிற எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரும் நிக் சொல்ற வார்த்தையை நம்பும்.

2014 ஜூலை 2. கூகுள் ஒண்ணைக் கண்டுபிடிச்சது. அவங்களோட சொந்த டொமைன்களுக்கு, அவங்க கேட்காமலே நிக் பேர்ல சான்றிதழ் வெளியாகியிருக்கு. அந்தச் சான்றிதழ் யார் கையில இருக்கோ, அவங்க நடுவுல உட்கார்ந்துக்கிட்டு ‘நான்தான் கூகுள்’னு சொல்லலாம். விண்டோஸும் ஆமான்னு ஒத்துக்கும். பூட்டுப் படம் வரும், பச்சையா வரும். துண்டு கெட்டியா இருக்கு, பாஷையும் சரி. கை மட்டும் வேற ஆளோடது.

அடுத்த நாளே சிசிஏ நிக்கோட இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து பண்ணிட்டாங்க. ஜூலை 8ல கூகுள் விஷயத்தைப் பொதுவுல சொன்னது. விசாரிச்சதுல, நிக்கோட சான்றிதழ் வழங்கற நடைமுறைக்குள்ள யாரோ ஊடுருவியிருக்காங்கன்னும், தவறா வெளியானது 4 சான்றிதழ்தான்னும் சிசிஏ சொன்னாங்க. மூணு கூகுளுக்கு, ஒண்ணு யாஹூவுக்கு. ஆனா அந்த நாலுல சேராத வேற தவறான சான்றிதழ்களையும் நாங்க பார்த்திருக்கோம், அதனால பாதிப்போட முழு அளவு தெரியாதுன்னு கூகுள் பதில் சொல்லிடுச்சு. ஜூலை 10ல மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்துல இருந்து அந்தச் சான்றிதழ்களைச் செல்லாததாக்கி அறிவிப்புக் கொடுத்தது. குரோம், இந்திய சிசிஏ ரூட்டை 7 டொமைன்களுக்கு மட்டும்தான் நம்புவேன்னு சுருக்கிடுச்சு. அரசுத் தளங்கள், கல்வி நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, அப்புறம் இன்னும் சில.

இதுல கவனிங்க. ஃபயர்ஃபாக்ஸ் வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணுமே ஆகலை. அதுக்குத் தனி ரூட் ஸ்டோர், அதுல இந்திய சிசிஏ கிடையாது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், மேக் யாருக்கும் பாதிப்பு இல்லை. விண்டோஸ்லயும் குரோம் தப்பிச்சது, ஏன்னா கூகுளோட நிஜச் சாவி எதுன்னு அதுக்குள்ளயே குறிச்சு வச்சிருந்தாங்க. அப்ப மாட்டியிருக்கக் கூடியவங்க யாரு? விண்டோஸ் சொல்றதை அப்படியே நம்பற மத்த புரோகிராம்கள். ஆஃபீஸ்ல ஓடுற பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், பில்லிங் சாஃப்ட்வேர், இந்த மாதிரி.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சது அதே வருஷம் ஏப்ரல் 8. இந்தச் சம்பவத்துக்குச் சரியா மூணு மாசம் முன்னாடி.

ஏன் எல்லாம் 2014ல நடந்துச்சு?

அந்த ஒரு வருஷத்தைத் தனியா எடுத்துப் பாருங்க. ஏப்ரல் 7ல ஹார்ட்பிளீட், ஓப்பன்எஸ்எஸ்எல்ல சர்வரோட நினைவகத்துல இருந்து ரகசியம் கசியற ஓட்டை. ஜூலையில நிக் விவகாரம். அக்டோபர் 14ல பூடில், எஸ்எஸ்எல் 3.0ஐ ஒரேயடியா முடிச்சு வச்ச தாக்குதல்.

அதே வருஷம் புரோகிராமிங் மொழிகளும் மாறுச்சு. ஆகஸ்ட்ல பிஹெச்பி 5.6 வந்தது. டிசம்பர்ல பைத்தான் 2.7.9. ரெண்டும் செஞ்சது ஒரே வேலை: எதிர்ப் பக்கம் காட்டுற சான்றிதழை இனிமே தானாவே சரிபார்க்கும். அப்ப அதுக்கு முன்னாடி? சரிபார்க்கவே இல்லை! பைத்தானோட பழைய நூலகத்துல ஹெச்டிடிபிஎஸ்னு போட்டுக் கூப்பிட்டா, துண்டு போடும், விரல் பிடிக்கும், ஆனா யாரு கைன்னு கேட்காது. யாரு நீட்டினாலும் பேரம் முடிஞ்சிடும்.

அதனாலதான் 2013ல எழுதின புரோகிராம்ல ‘சர்டிஃபிகேட் எரர்’ வந்ததே இல்லைன்னு பழைய ஆளுங்க பெருமையாச் சொல்லுவாங்க. பிழை வராம இருந்தது பாதுகாப்பு இருந்ததால இல்லீங்க. யாருமே பார்க்கலை, அதனால வரலை. 2014க்கு அப்புறம் வர ஆரம்பிச்ச பிழைகள்ல பாதி, காவக்காரன் முதல் தடவையா கண்ணைத் திறந்ததால வந்தது.

நான் செஞ்ச தப்பு

இப்ப என் கதை. இதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிச்சா நியாயமா இருக்காது.

2021 செப்டம்பர் 30, வியாழக்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை, தப்பு என்னோடதுதான். சாயங்காலம் ஏழரை மணி தாண்டினதும் எங்க சர்வர்ல ஒரு வேலை விழ ஆரம்பிச்சது. சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சுன்னு பிழை. நான் அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ரெண்டு மாசம் உயிரோட இருக்கு.

நடந்தது என்னன்னா, லெட்ஸ் என்கிரிப்ட்னு இலவசமா சான்றிதழ் கொடுக்கற அமைப்பு ஒண்ணு இருக்கு. புதுசா வந்தப்ப அவங்க பேரு யாரோட பட்டியல்லயும் இல்லை. அதனால ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ங்கிற பழைய தரகரை வச்சுத் தங்களுக்கு ஜாமீன் சொல்ல வச்சாங்க. அந்தப் பழைய தரகரோட ஆயுள் அன்னைக்கு நம்ம நேரப்படி ராத்திரி 7:31க்கு முடிஞ்சது. அதுக்குள்ள லெட்ஸ் என்கிரிப்ட்டோட சொந்த ரூட் எல்லாப் பட்டியல்லயும் வந்திருந்தது. புது நூலகங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 மாதிரிப் பழசுகளுக்கு ஒரு குணம்: சர்வர் கொடுத்த சங்கிலியைக் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போகும். பாதியிலயே நம்பகமான ஆள் நின்னாலும் நிக்காது. போய்ப் போய் செத்துப்போன தரகர் வீட்டு வாசல்ல நின்னு, ஆள் இல்லைன்னு திரும்பி வரும்.

சரியான வைத்தியம் என்ன? அந்தப் பழைய தரகரை நம்ம பட்டியல்ல இருந்து எடுத்துடறது. எதையும் புதுசா சேர்க்க வேண்டியதில்லை. எடுத்தா போதும். அன்னைக்கு எனக்கு அது தெரியலை. மேலாளர் பின்னாடி நிக்கறாரு. நான் கோடுல ‘வெரிஃபை ஈக்வல்ஸ் ஃபால்ஸ்’னு ஒரு வார்த்தை போட்டேன். சரிபார்க்காதேன்னு அர்த்தம். உடனே ஓடுச்சு. எல்லாரும் கைதட்டினாங்க.

நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்னு வச்ச அந்த வரி, நான் அந்த வேலையை விட்டு வர்ற வரைக்கும் அங்கேயேதான் இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல, மக்களோட விவரம் போற பாதையில, யாரு கைன்னு கேட்காத ஒரு துண்டு. பிழையே வராது, லாக் எல்லாம் சுத்தமா இருக்கும். 2014ல நிக் பேர்ல போலிச் சான்றிதழ் எடுக்கறதுக்கு ஒரு அமைப்புக்குள்ளயே ஊடுருவ வேண்டியிருந்தது. என்னோட வரிக்கு முன்னாடி அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. யாரு வேணும்னாலும் கையை நீட்டலாம்.

மறுபடி மில்லுக்கு

சித்தப்பா கூப்பிட்ட அன்னைக்கு எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. சாஃப்ட்வேர் எழுதினவர் ஏற்கெனவே வாட்சப்ல ஒரு புது ஃபைலை அனுப்பி, ‘இதைப் போட்டுக்கோங்க, செக் பண்றதை எடுத்துட்டேன்’னு சொல்லியிருந்தாரு. அதைப் போட்டும் ஓடலை. ஏன்னா பிரச்சினை தரகர்ல இல்லை, பாஷையில. பூட்டையும் கழட்டியாச்சு, கதவும் திறக்கலை.

மொதல்ல அந்த ஃபைலை எடுக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு வரிசையில பார்த்தேன். உங்களுக்கும் உதவும்னு அதே வரிசையில சொல்றேன்.

தேதியைப் பாருங்க. சிரிக்காதீங்க. மதர்போர்டுல இருக்கிற சின்ன பட்டன் பேட்டரி செத்துப்போச்சுன்னா கம்ப்யூட்டர் பழைய வருஷத்துக்குப் போயிடும். அந்தத் தேதியில இன்னைக்குச் சான்றிதழ் எதுவும் பிறந்திருக்கவே இருக்காது. அம்பது ரூவா கூட ஆகாத பேட்டரியில தீர்ற பிரச்சினைக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணினவங்க இருக்காங்க.

அடுத்து, பிழை பாஷையைச் சொல்லுதா, தரகரைச் சொல்லுதான்னு பிரிங்க. ‘செக்யூர் சேனல் உருவாக்க முடியலை’, ‘ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்’, ‘புரோட்டோகால் வெர்ஷன்’னு வந்தா பெரும்பாலும் பாஷை, இல்லைன்னா அதுக்குள்ள இருக்கிற சைபர் வகை. ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’, ஜாவாவுல ‘பாத் பில்டிங் ஃபெயில்டு’ன்னு வந்தா தரகர் பட்டியல்.

பாஷைன்னா, கம்ப்யூட்டருக்குத் தெரியுமா, தெரிஞ்சும் பேசாம இருக்கான்னு பாருங்க. விண்டோஸ் 7க்கு 1.2 தெரியும். அதுல டாட்நெட் 4.8 வரைக்கும் போட முடியும். போட்டேன். இன்ஸ்டாலரே ‘நம்பகமான ரூட் வரைக்கும் சங்கிலி போகலை’ன்னு நின்னுடுச்சு. வருஷக்கணக்கா அப்டேட் பண்ணாத மிஷின்ல மைக்ரோசாஃப்ட்டோட 2011ஆம் வருஷ ரூட் சான்றிதழே இல்லை. மருந்துச் சீட்டைப் படிக்கக் கண்ணாடி வேணும், கண்ணாடி வாங்க மருந்துச் சீட்டு வேணும்ங்கிற கதை. மொதல்ல அந்த ரூட்டை மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்தே எடுத்துப் போட்டு, அப்புறம் 4.8.

கடைசியா ரிஜிஸ்ட்ரியில ‘யூஸ் ஸ்ட்ராங் கிரிப்டோ’ன்னு முடியற ஒரு மதிப்பை 1னு வைக்கணும். வச்சேன், ஓடலை. அரை மணி நேரம் கழிச்சுத்தான் உறைச்சது. விண்டோஸ் 64 பிட், பில்லிங் புரோகிராம் 32 பிட். 32 பிட் புரோகிராம் ரிஜிஸ்ட்ரியில வேற ஒரு கிளையைப் படிக்கும். ‘வாவ் 6432 நோட்’னு இருக்கும். அங்கேயும் 1 வச்சேன். கோடு கையில இருந்தா இன்னும் சுலபம், 1.2 வேணும்னு 3072ங்கிற எண்ணைப் போட்டு ஒரே வரியில கேட்டுடலாம்.

ராத்திரி பத்தே காலுக்கு பில்லு விழுந்துச்சு. லாரி கிளம்புச்சு.

ஆனா இதோட சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிஞ்சது 2020 ஜனவரி 14ல. அடுத்த பாஷை 1.3 அதுக்கு வராது. இன்னைக்கு நான் வாங்கிக் கொடுத்தது அவகாசம் மட்டும்தான். அதை அவருகிட்ட நேராச் சொல்லிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மிஷினை மாத்தினாரு. அந்தச் செலவு அவரு தலையிலதான் விழுந்துச்சு. விதி போட்டவங்களும் தாங்கலை, பாஷையை நிறுத்தினவங்களும் தாங்கலை. அந்த வருத்தம் அவருக்கு இருக்கு, அது நியாயமான வருத்தம்தான்.

அந்தக் கேள்விக்கு வர்றேன். தொடாம எப்படிக் கெட்டுப் போகும்?

அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப மில்லுல எலக்ட்ரானிக் தராசைக் காட்டிக் கேட்டேன். “சித்தப்பா, இந்தத் தராசு கெட்டுப் போச்சுங்களா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் முத்திரை போடறீங்க?”

“முத்திரை இல்லைன்னா எவன் கண்ணு நம்புவான்? தராசு எனக்கு மட்டுமா?” அப்படின்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு. “ஓஹோ, அதா?”

அதேதாங்க. கம்ப்யூட்டர் கெட்டுப் போகலை. முத்திரை தீர்ந்துபோச்சு. ரெண்டு பேர் நடுவுல இருக்கிற நம்பிக்கையை ஒருத்தர் மட்டும் தொடாம வச்சுக்க முடியாது. அடுத்த தடவை உங்க திரையில அந்தப் பிழை வந்தா, அது எந்த வருஷத்து முத்திரையைக் கேட்குதுன்னு பாருங்க. தேடிப் போட்டுக் கொடுங்க. தராசைச் சரிபார்க்கறவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். வர்றேனுங்க.